நீரின் மேல் ஒரு மனை

மதரஸாவில் 'ஹிதாயா' ஓதிக் கொடுக்கும் ஆண்டுகளில் 'ஷுஃப்ஆ' என்னும் பாடம் வரும்போதெல்லாம் நமக்கு ஒரு மாணவரின் நினைவு வருவதுண்டு. ஒருவர் தம் மனையையோ வீட்டையோ விற்கும்போது, அதில் பங்குள்ளவருக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் அதனை முதலில் வாங்கிக்கொள்ள ஷரீஅத் வழங்கியுள்ள உரிமையே ஷுஃப்ஆ ஆகும். இவ்வுரிமை அசையாச் சொத்துக்கு மட்டுமே உரியது. தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் கப்பல்களுக்கும் இல்லை என்பது இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் எழுதிவைத்த ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. இவ்விடத்தை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மாணவர் எழுந்து, "ஹஸ்ரத், கப்பலுக்கு அடுத்த வீட்டுக்காரர் எங்கிருந்து வருவார்? இல்லாத ஒன்றை ஏன் விலக்கிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அன்று அவருக்கு நாம் சொன்ன மறுமொழி கிதாபில் உள்ளதுதான். அண்டை அயலாரால் நிலைத்து நிற்கும் தீங்கினைத் தடுப்பதற்காகவே இவ்வுரிமை வகுக்கப்பட்டது. அசையும் பொருளின் உடைமை அசையாப் பொருளின் உடைமையைப் போல் நீடிப்பதில்லை. ஆதலால் அதற்கு இவ்வுரிமை தேவையில்லை என்றோம். மறுமொழி சரியே. ஆயினும், தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாகக் கொண்டு, படகுக்கு அடுத்த படகில் அண்டை அயலாரைக் கொண்டு வாழ்ந்துவரும் முஸ்லிம் மக்கள் நம் நாட்டின் வடகோடியில் இருக்கிறார்கள் என்பதை அன்று நாம் அவருக்குச் சொல்லவில்லை. அக்குறையை இக்கட்டுரையால் நிறைவு செய்ய விழைகிறோம்.

காஷ்மீரின் தலைநகராம் ஸ்ரீநகரின் கிழக்கே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,580 மீட்டர் உயரத்தில், மூன்று புறம் மலை சூழக் கிடப்பது தால் ஏரி. அதன் மேற்குக் கரையில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசல் வெண்ணிறக் கும்மட்டத்துடன் விளங்குகிறது. கீழ்க்கரையில், 1619-ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமார் தோட்டமும், அவர் மைத்துனர் ஆஸஃப் கான் 1633-இல் அமைத்த நிஷாத் தோட்டமும் இருக்கின்றன. இவற்றைப் பற்றி எழுதாத பயண நூலில்லை. நாம் இங்கு எழுதப் புகுந்தது தோட்டங்களைப் பற்றியன்று. அத்தோட்டங்களுக்கு எதிரே நீரில் குடியிருப்போரைப் பற்றி. அதிலும் அவர்களுடைய இலையுதிர் காலத்தைப் பற்றி.

நம் முன்னோர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி எனத் தொடங்கி இரண்டிரண்டு திங்களாக ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தது போலவே, காஷ்மீரிகளும் ஆறாகப் பகுத்திருக்கின்றனர். அவற்றுள் செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியும் இரு திங்களுக்கு 'ஹருத்' என்று பெயர். அரபியில் இப்பருவம் 'கரீஃப்' எனப்படும். கனிகளைப் பறித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஹதீஸ்களில் 'எழுபது கரீஃப்' என வருமிடத்து எழுபது ஆண்டுகள் என்று பொருள் கொள்கிறோம். அறுவடையைக் கொண்டே ஆண்டினை எண்ணியோர் வழக்கு அது. இச்சொல் முகலாயர் காலத்து வரிக் கணக்குகளில் புகுந்து, இன்றும் செய்தித்தாள்களில் 'காரிஃப் பருவம்' என நிற்கிறது. பறிக்கும் பருவம் வரி பறிக்கும் பருவமாகவும் ஆனது மொழி செய்த விளையாட்டன்று, வரலாறு செய்தது.

ஹருத் பருவத்தில் காஷ்மீரில் நெல் அறுவடையாகிறது. வாதுமைக் கொட்டையும் ஆப்பிளும் இறக்கப்படுகின்றன. அக்டோபர் கடைசியில் பாம்பூர் மேட்டு நிலங்களில் குங்குமப்பூ மலர்கிறது. சினார் மரங்களின் இலைகள் பச்சை மாறி மஞ்சளாகி, பின் செந்தீ நிறங்கொண்டு உதிர்கின்றன. ஏரியில் தாமரை வாடியபின் அதன் தண்டைச் சேற்றிலிருந்து இழுத்தெடுக்கிறார்கள். 'நத்ரூ' எனப்படும் அத்தண்டு அவர்கள் சமையலில் இறைச்சியுடனும் மீனுடனும் தயிருடனும் சேருவது.

ஏரி வீட்டுப் பெண்மக்களுக்கு இப்பருவத்தில் ஓய்வில்லை. கத்தரிக்காயைக் கீறியும், சுரைக்காயை வளையம் வளையமாக அரிந்தும், தக்காளியை வகிர்ந்தும் கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுகிறார்கள். நம் வீடுகளில் சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போடுவது போன்றதே இது. ஆனால் நமக்கு அது பக்க உணவு, அவர்களுக்கோ பனி மூடிப் பாதையடைந்த நாட்களின் உயிர் உணவு. சிறு மீனையும் உலர்த்தியும் புகையூட்டியும் வைப்பார்கள். உதிர்ந்த சினார் இலைகளைப் பெருக்கிக் குவித்துத் தீயிட்டு, சாம்பலாகும் முன் நீர் தெளித்துக் கரியாக்கி மூட்டை கட்டுவார்கள். களிமண் சட்டிக்குப் பிரம்பு பின்னிய 'காங்கிரி' என்னும் கணப்பில் அக்கரியை இட்டு, 'ஃபெரன்' எனப்படும் தளர்ந்த அங்கிக்குள் வைத்துக்கொள்வதே அவர்களுக்குக் குளிர் காக்கும் வழி. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் 'சில்லாயே கலான்' என்று பெயர். ஸூஃபிகள் நாற்பது நாள் தனித்திருக்கும் 'சில்லா'வும் இதுவும் ஒரே பாரசீகச் சொல்லே. அந்தச் சில்லாவைக் கடப்பதற்கான கட்டுச்சோறுதான் ஹருத் பருவத்தின் உழைப்பெல்லாம்.

இவ்வளவு உழைப்பின் பயன் உழைத்தவர் கையில் தங்கியதா? இவ்வினாவிற்கு விடை ஸ்ரீநகர் ஜாமிஆ மஸ்ஜித் வாயிலில் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 370-க்கும் மேற்பட்ட தேவதாரு மரத்தூண்கள் தாங்கும் அப்பள்ளியின் வாயிலில் ஷாஜஹான் பாதுஷாவின் (ஆட்சி 1628–1658) பாரசீக ஃபர்மான் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. குங்குமப்பூ பறிக்க ஏழைகளைப் பிடித்துச் சென்று, கூலியென்று சிறிது உப்பு மட்டும் கொடுத்துவந்த வழக்கத்தை அது தடை செய்கிறது. குடிமக்களின் பழத்தோட்டங்களுக்குள் அதிகாரிகளின் ஆட்கள் புகுந்து நல்ல கனிகளைத் தமக்கெனக் கொள்வதைத் தடுக்கிறது. படகோட்டிகளின் தலைவரியையும் அது பேசுகிறது. முன்னர் இளைஞருக்கு 60 தாம், முதியவருக்கு 12 தாம், சிறுவருக்கு 36 தாம் என்றிருந்த வரியை, இஃதிகாத் கான் என்னும் சுபேதார் தம் காலத்தில் மூவருக்கும் ஒன்றுபோல் 75 தாம் என உயர்த்தியிருந்தார். அதனை நீக்கிப் பழைய வரியையே வாங்குமாறு பாதுஷா கட்டளையிட்டார்.

ஆட்சி முஸ்லிம்களுடையது, வாயிலும் பள்ளிவாசலினுடையது, எனினும் அங்கே எழுதப்பட்டிருப்பது ஆண்டோரின் புகழன்று, ஆண்டோரின் ஆட்கள் செய்த அநீதி. வரலாற்றைப் பொற்காலம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. அவ்வாயிலில் நின்று அக்கல்லை ஒருமுறை படித்தால் அப்பழக்கம் தளரும். அநீதியை மறைக்காமல் மக்கள் தொழவரும் இடத்திலேயே எழுதிவைத்து நீக்கியதுதான் அதில் போற்றத்தக்கது.

முகலாயருக்குப் பின் ஆப்கானியரும், 1819 முதல் சீக்கியரும் காஷ்மீரை ஆண்டனர். 1846 மார்ச் 16-இல் ஏற்பட்ட அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, ஆங்கிலேயர் அந்நாட்டை டோக்ரா மன்னர் குலாப் சிங்கிற்கு 75 இலட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் கொடுத்தனர். நாட்டை விலைக்கு வாங்கியவர் மன்னர். ஆகவே மண் முழுவதும் மன்னருடைய உடைமை. உழுபவர் அவருடைய குத்தகையாளர் மட்டுமே என்ற கொள்கை அன்றுமுதல் வலுப்பெற்றது. பாட்டன் உழுத வயலைப் பேரன் உழுதாலும் அது அவனுடையதன்று. விளைச்சலில் பாதியும் அதற்கு மேலும் தானியமாகவே அரசுக்குச் சென்றது. அறுவடைக் காலத்தில் களத்திற்குக் களம் அரசின் காவலர் நின்றனர். ஜீலம் ஆற்றங்கரையில் நூர்ஜஹான் 1623-இல் எழுப்பிய பத்தர் மஸ்ஜித் தொழுகைக்கின்றி அரசின் தானியக் கிடங்காயிற்று. 1931-இல்தான் அது முஸ்லிம்களிடம் மீண்டது.

இம்முறையின் கொடுமையை 1877-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் காட்டிவிட்டது. நெல் முற்றி நின்றது. ஆனால் அரசின் பங்கினை அதிகாரிகள் மதிப்பிட்டு முடிக்கும்வரை கதிரில் அரிவாள் வைக்கலாகாது. அக்டோபரில் மழை பிடித்தது. அடுத்த சனவரி வரை விட்டுவிட்டுப் பெய்தது. வயலில் நின்ற நெல் வயலிலேயே அழுகியது. அதனைத் தொடர்ந்த பஞ்சம் 1879 வரை நீடித்தது. ஸ்ரீநகரின் மக்கள் தொகை பாதியாகக் குறைந்ததென மதிப்பிட்டோர் உண்டு. மழை இறைவன் நாட்டம். ஆனால் கைக்கெட்டிய நெல்லை அறுக்கவிடாமல் காக்க வைத்தது மனிதர் வகுத்த விதி. வயல் உழவனுடையதாக இருந்திருந்தால் மழைக்கு முன் கதிர் களத்திற்கு வந்திருக்கும். உடைமை என்பது பெருமைக்குரிய பத்திரமன்று. மேகம் திரளும்போது யாரையும் கேளாமல் அரிவாளை எடுக்கும் உரிமை அது.

உள்நாட்டு உழவனுக்கே மண்ணில் உரிமை இல்லாத அந்நாட்டில், வெயிலுக்கு ஒதுங்க வந்த ஆங்கிலேயர்க்கு நிலம் வாங்கவும் வீடு கட்டவும் இசைவில்லாததில் வியப்பில்லை. தொடக்கத்தில் அவர்கள் குளிர்காலம் தங்கவும் அனுமதியில்லை. இலையுதிர் காலம் வந்ததும் பள்ளத்தாக்கை விட்டுப் புறப்பட வேண்டும். பின்னர் இக்கட்டு தளர்ந்தது. நிலத் தடை மட்டும் நின்றது. மண்ணில்தானே கட்டலாகாது, நீரில் கட்டினால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1880-களில் கென்னார்ட் என்னும் ஆங்கிலேயர் முதல் படகு வீட்டைச் செய்வித்தார் என்பர். ஸ்ரீநகர் வணிகர் நரேன்தாஸ் தம் கடையைப் படகுக்கு மாற்றியதே அதன் தொடக்கம் என்று கூறுவாரும் உளர்.

எவர் தொடங்கியிருப்பினும், செய்த கைகள் காஷ்மீரி முஸ்லிம் தச்சருடையவை. அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்ததும் ஹாஞ்சிகள் என்னும் படகோட்டி மக்கள் நெடுங்காலமாகக் குடியிருந்த 'டூங்கா' என்ற கூரைப் படகே. பாய் மறைத்த டூங்கா, தேவதாருப் பலகையும் வாதுமை மரச் செதுக்கு வேலையும் சிறு சிறு மரத்துண்டுகளைப் பொருத்திச் செய்யும் 'கத்தம்பந்த்' மேற்கூரையும் பெற்று மாளிகைப் படகாயிற்று. துரைமார் முன் அறைகளில் தங்கினர். படகுக்காரர் குடும்பம் பின்னே சமையற்படகில் தங்கிப் பணி செய்தது. காலப்போக்கில் படகு வீடுகள் ஹாஞ்சிகளின் சொந்தமாயின. விருந்தினரை வைத்துப் பிழைக்கும் தொழில் அவர்களுக்கு வாய்த்தது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கரையில் உழவன் மண்ணில் உறுதியாக நின்றான். அவன் காலடி மண் அவனுடையதன்று. ஏரியில் ஹாஞ்சி அலையில் அசைந்தான். அவன் காலடிப் பலகை அவனுடையது. அசையாச் சொத்து நிலைக்கும், அசையும் சொத்து நிலையாது என்று கிதாபில் நாம் ஓதியது அங்கே தலைகீழாக நின்றது. ஃபிக்ஹின் விதி பிழையென்று நாம் சொல்லவில்லை. விதிக்கு அடிப்படையான நிலையை அநீதி எவ்வாறு மாற்றிவிடக்கூடும் என்பதையே சொல்கிறோம்.

உழவரின் நிலை மெல்ல மாறியது. 1889-இல் நிலத்தீர்வை ஆணையராக வந்த வால்டர் லாரன்ஸ், நிலத்தை அளந்து வரியை வரையறுத்து, உழுபவரை வெளியேற்ற இயலாத பரம்பரைக் குடிவார உரிமையை வகுத்தார். விற்கவும் அடகு வைக்கவும் உரிமையில்லை. எனினும் முன்னிருந்ததற்கு இது பெரும் மாற்றம். 1927-இல் அந்நாட்டுக் குடிகள் யாவர் என வரையறுக்கப்பட்டு, வெளியார் நிலம் வாங்குவது தடுக்கப்பட்டது. 1931 ஜூலை 13-இல் ஸ்ரீநகர் சிறை வாயிலில் 20-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அமைந்த கிளான்ஸி குழு, உழவர்க்கு முழு நில உடைமை வழங்க வேண்டும் என 1932-இல் பரிந்துரைத்தது. 1950 அக்டோபரில் ஷெய்க் அப்துல்லாஹ்வின் அரசு பெருநில ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பழத்தோட்டம் நீங்கலாக 182 கனால், அதாவது 22¾ ஏக்கர், ஒருவருக்கு உச்ச வரம்பாயிற்று. மிகுந்த நிலம் உழுதவருக்கே சென்றது. 2019 ஆகஸ்டில் அரசியலமைப்பின் 370-ஆம் பிரிவின்படியான தனி நிலை நீக்கப்பட்டது; 2020-இல் நிலச் சட்டங்கள் திருத்தப்பட்டு, நிலத்தை அம்மாநிலத்தாரே வாங்கலாம் என்ற பழைய வரையறையும் நீங்கியது.

கரையின் கதை இவ்வாறிருக்க, ஏரியின் கதை வேறு வழியில் சென்றது. தால் ஏரியில் படகு வீட்டாரேயன்றித் தோட்டக்காரரும் வாழ்கின்றனர். நீர்ப்பூண்டையும் சேற்றையும் குவித்துக் கரையில் வில்லோ மரம் நட்டு நிலைபெறச் செய்யும் திட்டுக்கு 'டெம்ப்' என்று பெயர். நாணலைப் பாய்போல் பரப்பி மேலே சேறிட்டு மிதக்கவிடும் தோட்டத்திற்கு 'ராத்' என்று பெயர். வெள்ளரியும் தக்காளியும் முலாம்பழமும் அதில் விளையும். விடியலுக்கு முன்பே ஏரி நடுவே படகுகள் கூடிக் காய்கறிச் சந்தை நடக்கும். ராத் தோட்டத்தைக் கழியூன்றி நிறுத்தியிருப்பார்கள். கழியைப் பிடுங்கினால் படகில் கட்டி இழுத்துச் செல்லலாம். ஆகவே நிலத்தையே திருடிச் செல்லும் திருட்டு அங்கே உண்டென்று லாரன்ஸ் எழுதியிருக்கிறார். நம்மூரில் வரப்பை ஒரு முழம் தள்ளிவைத்து வழக்காடுவோர் உண்டு; வயலையே இரவோடிரவாக இழுத்துச் சென்றதை எந்த முன்சீப் விசாரித்திருப்பார்?

இன்று ஏரி மக்களின் இடர் திருடரால் வருவதன்று. திட்டும் தோட்டமும் பெருகி, படகு வீடுகளின் கழிவும் நகரத்தின் சாக்கடையும் சேர்ந்து ஏரியின் நீர்ப்பரப்பைக் குறுக்கின, களை மண்டியது. ஏரியைக் காக்க வேண்டி நீதிமன்றமும் அரசும் புதிய படகு வீடு கட்டுவதையும் ஏரிக்குள் கட்டடம் எழுப்புவதையும் கட்டுப்படுத்தின. ஏரிக்குள் வாழ்வோரை நகரின் புறத்தே ரக்கே-அர்த் முதலிய இடங்களில் குடியமர்த்தும் திட்டமும் வந்தது. படகு வீட்டுக்காரருக்குப் படகு சொந்தம். அது நிற்கும் நீர் சொந்தமன்று. தேவதாருப் பலகை பல்லாண்டு தாங்கும். ஆனால் பழுது பார்க்க வேண்டும். அதற்கு இசைவு வேண்டும், மரம் வேண்டும், பணம் வேண்டும். சீராக்க இயலாத படகு அடியில் நீர் புகுந்து அமிழ்ந்துவிடுகிறது. 2023 நவம்பர் 11-இல், இலையுதிர் காலத்தின் கடைசி நாட்களில், ஏரியில் பற்றிய தீயில் படகு வீடுகள் பல எரிந்தன. வங்காள தேசத்திலிருந்து வந்த விருந்தினர் மூவர் மாண்டனர். மரவீட்டுக்குத் தண்ணீர் நடுவிலும் தீயச்சம் உண்டு.

ஏரியைக் காப்போர் கூறுவதிலும் உண்மையிருக்கிறது. ஏரி அழிந்தால் ஏரி மக்கள் வாழ்வும் அழியும். வெளியேற அஞ்சுவோர் கூறுவதிலும் உண்மையிருக்கிறது. நத்ரூ இழுத்தும் படகு செலுத்தியும் பழகிய கைக்கு மேட்டு மனையில் என்ன தொழில்? 2014 செப்டம்பரில் ஜீலம் பெருகி ஸ்ரீநகர் வாரக்கணக்கில் நீரில் கிடந்தபோது, கல்வீட்டு மாடியில் சிக்கித் தவித்தோரை ஏற்றி வந்தவை இந்த ஏரி மக்களின் ஷிகாராப் படகுகளே. அசையும் வீட்டார் அசையா வீட்டாரைக் காப்பாற்றிய நாட்கள் அவை. அண்டை அயலாரின் உரிமை என்பது விலைக்கு வாங்கும் முந்துரிமை மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அம்மக்களின் குடியிருப்பைப் பற்றி முடிவு செய்வோர் அவர்களையும் கலந்து முடிவு செய்வார்களாயின், அக்கடன் ஓரளவு தீரும்.

அரபியில் குடியிருப்பு 'மஸ்கன்' எனப்படும். அமைதியுறுதல், அசைவின்றி இருத்தல் என்னும் பொருளுடைய 'ஸகன' என்ற வினையிலிருந்து வந்தது அது. இச்சொல்லை நாம் வகுப்பில் விளக்கும்போது சுவரும் கூரையும் அசையாதிருப்பதையே எண்ணிவந்தோம். இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை. தரை அசைந்தாலும், அடுத்த ஹருத் பருவத்திலும் இதே இடத்தில்தான் சுரைக்காயை உலர்த்துவோம் என்ற உறுதி ஒரு பெண்ணின் மனத்தில் இருக்குமாயின் அது மஸ்கன். தரை உறைந்து நின்றாலும் அவ்வுறுதி இல்லையேல் அது வெறுஞ்சுவர்.

அந்த மாணவர் இப்போது வேறோர் ஊரில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கப்பலுக்கு அடுத்த வீட்டுக்காரர் எங்கே என்று அவரிடமும் ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அப்போது சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகாமல், இப்பக்கங்களை எடுத்துக் காட்டுவாராக.